சுரங்கச் சிறுவன் மந்திரி ஆனான்

கரி விலையோடும் டாக்டர் செலவோடும் போராடிய அனைரின் பெவன்

பிரிட்டன் குளிர் தேசம். பனிக்காலத்தில் வீட்டுக்குள் நெருப்பு இல்லாமல் இருக்க முடியாது. 100 ஆண்டுகளுக்கு முன் அங்கே வீட்டுக்கு வீடு கணப்பு உண்டு. அதில் நிலக்கரி எரியும். குளிர் காய்வதும் அதில்தான். வெந்நீர் போடுவதும் அதில்தான். ஏழை வீட்டில் சமையலும் அதில்தான்.

வாரக் கூலி வந்ததும் வீட்டுக்காரி இரண்டு கணக்குப் போடுவாள். இந்த வாரம் கரிக்கு எவ்வளவு? யாருக்காவது காய்ச்சல் வந்து டாக்டரைக் கூப்பிட்டால் எவ்வளவு?

கரியின் விலையைக் கரிக்கடைக்காரர் சொல்வார். டாக்டர் கூலியை டாக்டர் சொல்வார். ஆனால் அந்த இரண்டு தொகைக்கும் பின்னால் மூன்றாவது கை ஒன்று இருக்கிறது. அது அரசாங்கத்தின் கை. சட்டம் ஒரு வரி மாறினால் வீட்டுச் செலவும் மாறிவிடும்.

இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவர்கள் பலர். தன் வீட்டுக்குள்ளேயே பட்டுத் தெரிந்துகொண்டவர் அனைரின் பெவன். நண்பர்கள் அவரைச் சுருக்கமாக 'நை' என்று கூப்பிடுவார்கள்.

கரிக்கு மேல் ஒரு ஊர்

பிரிட்டனின் மேற்குப் பக்கத்தில் உள்ள மலைநாடு வேல்ஸ். அதன் தெற்கில் டிரெடிகர் என்று ஓர் ஊர். ஊருக்கு அடியில் கரி. ஊருக்கு மேலே புகை. ஊரில் பெரும்பாலோருக்கு ஒரே பிழைப்பு, சுரங்க வேலை.

அங்கே 1897-ம் ஆண்டு நவம்பர் 15-ந் தேதி பெவன் பிறந்தார். தகப்பனார் டேவிட், சுரங்கத் தொழிலாளி. தாயார் ஃபீபி, தையல் தெரிந்தவர். பிள்ளைகள் 10 பேர். வீட்டில் அறைகள் நாலு.

பெவனுக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. அவருக்குத் திக்குவாய். வாத்தியார் கேள்வி கேட்டால் பதில் தெரியும், வாய் வராது. 13 வயதில் படிப்பு நின்றது. டீ டிரிஸ்ட் என்ற சுரங்கத்தில் இறங்கினார்.

இரவில் அவர் போகும் இடம் தொழிலாளர் நூல்நிலையம். தொழிலாளிகள் தங்கள் காசில் நடத்தியது அது. கையில் கிடைத்ததை எல்லாம் படித்தார்.

திக்குவாய்க்கு அவரே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். எந்தச் சொல்லில் நாக்கு இடறுகிறதோ, அந்தச் சொல்லை விட்டுவிட்டு அதே பொருள் தரும் வேறு சொல்லைப் போடுவது! இதற்காகச் சொற்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். மலைமேல் ஏறித் தனியாகப் பேசிப் பழகினார். பிற்காலத்தில் பார்லிமெண்டையே கட்டிப்போட்ட பேச்சு அவருடையது. சேர்த்துவைத்த சொற்கள் வீண் போகவில்லை.

240-க்கு 3

டிரெடிகரில் இன்னொரு விசேஷம் இருந்தது. அது வைத்திய உதவிச் சங்கம். 1890-ம் ஆண்டில் ஏற்பட்டது.

அப்போதைய கணக்கில் ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங். ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். ஆக, ஒரு பவுன் என்பது 240 பென்ஸ். தொழிலாளி 240 பென்ஸ் சம்பாதித்தால் அதில் 3 பென்ஸைச் சங்கத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். கூலியிலேயே பிடித்துக்கொள்வார்கள்.

இந்தப் பணத்தில் சங்கம் டாக்டர்களைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டது. தொழிலாளிக்கு மட்டும் அல்ல, அவன் பெண்டாட்டி பிள்ளைகளுக்கும் வைத்தியம் நடந்தது. டாக்டர் வந்துபோனதும் பையைத் துழாவ வேண்டியது இல்லை.

ஏ. ஜே. குரோனின் என்ற டாக்டர் 1920-களின் தொடக்கத்தில் இங்கே வேலை பார்த்தார். பின்னாளில் அவர் பெரிய நாவலாசிரியர் ஆனார். 1937-ல் அவர் எழுதிய 'சிட்டடெல்' என்ற நாவலில் இந்த ஊர் வாழ்க்கையின் சாயல் உண்டு.

மற்ற ஊர்களில் நிலைமை வேறு. 1911-ம் ஆண்டில் லாயிட் ஜார்ஜ் ஓர் இன்ஷூரன்ஸ் சட்டம் கொண்டுவந்தார். தொழிலாளி வாரம் 4 பென்ஸ், முதலாளி 3 பென்ஸ், அரசாங்கம் 2 பென்ஸ் போடவேண்டும். தொழிலாளிக்கு நோய் வந்தால் டாக்டர் பார்ப்பார். நல்ல சட்டம்தான். ஆனால் அதில் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. வேலைக்குப் போகிறவனுக்குத்தான் டாக்டர்; வீட்டில் இருக்கும் மனைவிக்கும் குழந்தைக்கும் கிடையாது! ஆஸ்பத்திரிச் செலவும் அதில் சேராது.

அதனால் அம்மாக்கள் தங்கள் நோயை வெளியே சொல்லமாட்டார்கள். டாக்டர் பாக்கியை வசூலிக்க வாரா வாரம் ஆள் வருவான். அவன் முகத்தில் விழிப்பதைவிட வலியைப் பொறுத்துக்கொள்வது மேல் என்று இருந்துவிடுவார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனாலோ, இந்தக் குடும்பத்தால் எவ்வளவு கொடுக்க முடியும் என்று விசாரிக்க ஓர் அம்மாள் உட்கார்ந்திருப்பார்.

தகப்பனார் சாவு

சுரங்கத்தில் வெளிச்சம் குறைவு. அந்த மங்கலில் வேலை செய்தவர்களுக்குக் கண் துடிக்கும் நோய் ஒன்று வரும். பெவனுக்கும் வந்தது. முதல் உலகப்போரில் அவரைப் பட்டாளத்தில் சேர்க்காமல் விட்டதற்கு அதுவே காரணம்.

1919-ல் சுரங்கத் தொழிலாளர் சங்கம் அவரைப் படிக்க லண்டனுக்கு அனுப்பியது. இரண்டு ஆண்டு படித்துவிட்டுத் திரும்பினார். ஊரில் அவருக்கு வேலை இல்லை.

வேலை இல்லாதவருக்கு அரசாங்கம் உதவிப் பணம் கொடுத்துவந்தது. அதிலும் ஒரு விதி! வீட்டில் இன்னொருவர் சம்பாதித்தால் உதவி கிடையாது. அவருடைய சகோதரி வேலைக்குப் போகத் தொடங்கினார். உடனே பெவனுக்கு வந்த பணம் நின்றது. வளர்ந்த ஆண்பிள்ளை, கூடப்பிறந்தவள் சம்பாத்தியத்தில் சாப்பிட வேண்டியதாயிற்று. இந்த அவமானத்தை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

1925-ம் ஆண்டு பிப்ரவரியில் தகப்பனார் இறந்தார். மகன் கைகளிலேயே உயிர் பிரிந்தது. நோய், நுரையீரலில் கரித்தூள் படிந்து வருவது. எத்தனையோ ஆண்டு கரி வெட்டிய மனிதர். தூளை மூச்சோடு இழுத்து இழுத்துக் கடைசியில் மூச்சே இல்லாமல் போனது.

குடும்பத்துக்கு நஷ்ட ஈடு ஒரு பென்ஸ்கூட வரவில்லை. காரணம், தொழிலால் வரும் நோய்களின் சர்க்கார் பட்டியலில் அந்த நோய் அப்போது இல்லை. கரித்தொழிலாளிகளின் இந்த நோய்க்கு உரிய நஷ்ட ஈட்டுத் திட்டம் 1943-ல்தான் வந்தது. 18 ஆண்டு தாமதம்.

மலிவான கரி

சர்க்கார் விதி எப்படிக் கரி விலையில் விளையாடியது என்பதற்கு 1926-ம் ஆண்டு ஒன்றே போதும்.

அதற்கு முந்தின ஆண்டில் கரி வியாபாரம் படுத்துவிட்டது. கூலியைக் குறைப்போம் என்று முதலாளிகள் கிளம்பினார்கள். அரசாங்கம் 9 மாதத்துக்கு மானியம் கொடுத்துச் சமாளித்தது. 1926 ஏப்ரல் 30-ந் தேதி மானியம் தீர்ந்தது. சுரங்கங்களில் கதவடைப்பு!

மற்றத் தொழிலாளிகளும் ஆதரவாக வேலை நிறுத்தம் செய்தார்கள். அது 9 நாளில் முடிந்தது. சுரங்கத் தொழிலாளிகள் மட்டும் சுமார் 7 மாதம் தாக்குப்பிடித்தார்கள். அப்போது பெவன் சங்க ஊழியர். பசித்த குடும்பங்களுக்குக் கஞ்சி கிடைக்க ஓடியாடி ஏற்பாடு செய்தார். கடைசியில் பசி ஜெயித்தது. குறைந்த கூலிக்குத் திரும்பினார்கள். அதே ஆண்டில் வந்த புதிய சட்டம், 7 மணி நேர வேலையை 8 மணி ஆக்கவும் இடம் கொடுத்துவிட்டது.

கூலி குறைந்தால் கரி மலிவாகும். லண்டனில் இருக்கும் வீட்டுக்காரிக்கு அது லாபம். அந்த லாபம் வானத்திலிருந்து விழவில்லை. டிரெடிகரில் ஒரு குழந்தையின் தட்டிலிருந்து போயிற்று.

1929-ல் பெவன் எப்வேல் தொகுதியிலிருந்து பார்லிமெண்டுக்குத் தேர்தல் ஆனார். வயது 31. சாகும்வரை அந்தத் தொகுதி அவரைக் கைவிடவில்லை.

போன உடனே ஒரு கரி மசோதா வந்தது. எந்தச் சுரங்கம் எவ்வளவு கரி எடுக்கலாம், எந்த விலைக்குக் கீழே விற்கக்கூடாது என்று அது வரையறை செய்தது. வேலை நேரத்தையும் ஏழரை மணியாகக் குறைத்தது. 1930-ல் இது சட்டமானது.

லாயிட் ஜார்ஜ் இதைக் கடுமையாகத் தாக்கினார். விலையைக் கட்டிவைத்தால் வீடுகளில் கரி விலை ஏறும் என்பது அவர் வாதம். முன்னாள் பிரதம மந்திரி, பேச்சில் சூரர், வேல்ஸ் மக்களின் தலைவர். அவரை எதிர்த்து எழுந்தார் புதிய மெம்பர் பெவன். கரி கொஞ்சம் விலை கூடினாலும் கூடட்டும், மனிதன் மலிவாகப் போகக்கூடாது என்று வாதாடினார். சபை திகைத்துப்போயிற்று.

இந்த வழக்கில் இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. நகரத்து ஏழையும் ஏழைதானே? மூட்டையாக வாங்க வழியில்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரி வாங்கி எரித்தவள் அவள். விலை ஏறினால் அவள் வீட்டுக் கணப்புத்தான் முதலில் அணையும். ஆனாலும் தகப்பனாரைத் தூக்கிப் புதைத்த மகனுக்கு இந்த விஷயத்தில் நடுநிலை வராது.

1934-ல் அவருக்குக் கல்யாணம் ஆயிற்று. மனைவி ஜென்னி லீயும் பார்லிமெண்டில் இருந்தவர். அவரும் சுரங்கத் தொழிலாளியின் மகள்.

மந்திரி வேலை

1945-ல் இரண்டாம் உலகப்போர் முடிந்த சமயம் பொதுத் தேர்தல் நடந்தது. தொழிற் கட்சி பெரும் வெற்றி பெற்றது. அட்லி பிரதம மந்திரி ஆனார். அவர் பெவனைச் சுகாதார மந்திரி ஆக்கினார். வீடு கட்டும் பொறுப்பும் அவரிடமே. மந்திரி சபையில் எல்லோரையும்விட இளையவர் அவர்தான்.

கரிச் சுரங்கங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 1947 ஜனவரி 1-ந் தேதி முதல் அவை தேசத்தின் சொத்து. டிரெடிகர்ப் பக்கத்து ஜனங்களுக்கு அது திருநாள்.

திருநாள் முடிந்து ஒரு மாதம் ஆகவில்லை. அதுவரை காணாத பனி! ரயில் பாதைகள் மூடிப்போயின. வெட்டிய கரி வெட்டிய இடத்திலேயே கிடந்தது. மின்சார நிலையங்களில் கையிருப்பு ஏற்கனவே குறைவு. பிப்ரவரியில் பல பகுதிகளில் வீடுகளுக்குத் தினமும் 5 மணி நேரம் மின்சாரம் நிறுத்தப்பட்டது. தொழிற்சாலைகள் மூடின. லட்சக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள். சொத்து யார் பெயரில் இருந்தால் என்ன, கரி வந்து சேர்ந்தால்தானே அடுப்பு எரியும்?

போர்க்காலத்தில் வந்த வீட்டுக் கரி ரேஷன் 1958 ஜூலை வரை நீடித்தது. கரி போர்டு விலையை ஏற்றாமல் அரசாங்கம் பிடித்துவைத்தது. விலை கட்டுக்குள் இருந்தது. ஆனால் வேண்டிய அளவு கிடைக்கவில்லை. சட்டம் விலையைக் குறைக்கலாம். குழியிலிருந்து கரியைத் தூக்கிக்கொண்டு வராது. இது பெவனின் கட்சிக்குக் கசப்பான பாடம்.

வைத்தியத் துறையில் அவர் வேறு வழியில் போனார்.

டிரெடிகர் சங்கம் அவர் மனத்தில் இருந்தது. நன்றாக இருக்கும்போது எல்லோரும் கொடுப்பது. நோய் வந்தபோது யாரும் கொடுக்காமல் வைத்தியம் பெறுவது. ஒரு ஊரில் முடிந்தது தேசம் முழுவதும் முடியாதா?

1946 நவம்பரில் தேசிய சுகாதாரச் சட்டம் நிறைவேறியது. செலவுக்குப் பணம் பெரும்பாலும் பொதுவரியிலிருந்து. அதிகம் சம்பாதிக்கிறவர் அதிக வரி கட்டுவார். டாக்டரிடம் போகும்போது சீமானும் கூலிக்காரியும் ஒன்று.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2,688 ஆஸ்பத்திரிகள் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. தர்ம ஆஸ்பத்திரிகள் பல கடனில் தத்தளித்துக்கொண்டிருந்தன. நகரசபைகள் நடத்தியவை ஊருக்கு ஒரு தரம். ஆஸ்பத்திரிகளை நகரசபைகளிடமே விடலாம் என்று சக மந்திரி ஹெர்பர்ட் மாரிசன் வாதாடினார். பணக்கார ஊரில் நல்ல ஆஸ்பத்திரி, ஏழை ஊரில் மோசமான ஆஸ்பத்திரி என்று ஆகிவிடும் என்றார் பெவன். அவர் பக்கமே தீர்ப்பு ஆயிற்று.

டாக்டர்கள் போர்

வேறொரு பக்கத்திலிருந்து இடி வந்தது. டாக்டர்களே எதிர்த்தார்கள்!

அரசாங்கம் எங்களைக் குமாஸ்தா ஆக்கிவிடும். நோயாளிக்கும் டாக்டருக்கும் நடுவில் உத்தியோகஸ்தர் புகுந்துவிடுவார் என்று அஞ்சினார்கள். 1948 பிப்ரவரியில் டாக்டர்கள் சங்கம் ஓட்டு எடுத்தது. எதிராக 40,000-க்கு மேல். ஆதரவாக 5,000-க்கும் குறைவு. திட்டம் தொடங்க 5 மாதமே பாக்கி!

பெவன் முரடர் என்று பெயர் எடுத்தவர். ஆனால் இந்த இடத்தில் அவர் காட்டிய சாமர்த்தியம் வேறு மாதிரியானது.

டாக்டர்கள் எல்லோரும் ஒன்று அல்ல என்பது அவருக்குத் தெரியும். பெரிய ஆஸ்பத்திரிகளின் நிபுணர்கள் ஒரு சாதி. தெருமுனையில் வைத்தியம் செய்பவர்கள் இன்னொரு சாதி. முதலில் நிபுணர்களைப் பிடித்தார். அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டே தனியாகவும் பணக்கார நோயாளிகளைப் பார்க்கலாம். அரசாங்க ஆஸ்பத்திரியிலேயே அதற்குக் கட்டில்கள் உண்டு. நல்ல பணம்! எதிர்ப்பு பாதி கரைந்தது.

பிறகு மற்ற டாக்டர்கள். உங்களை மாதச் சம்பளக்காரர் ஆக்கமாட்டேன் என்று சட்டத்திலேயே எழுதிக்கொடுக்கச் சம்மதித்தார். எத்தனை பேர் அவரிடம் பெயர் பதிகிறார்களோ, அந்தத் தலைக்கணக்கில் பணம். இன்னொரு பக்கம் ஜனங்கள் திட்டத்தில் பெயர் பதிய முண்டியடித்தார்கள். நோயாளிகள் எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டால் டாக்டர் யாருக்கு மருந்து கொடுப்பார்? மே மாதம் எடுத்த ஓட்டில் எதிர்ப்பு குறைந்தது.

சமத்துவம் பேசியவர் பணக்காரக் கட்டிலுக்கு இடம் கொடுத்தாரே என்று அவர் கட்சிக்காரர்களே குறைசொன்னார்கள். குறை நியாயமானது. அந்த விலையைக் கொடுக்காவிட்டால் திட்டம் அன்று பிறந்தே இருக்காது என்பதும் உண்மை.

1948 ஜூலை 5-ந் தேதி திட்டம் தொடங்கியது. மான்செஸ்டர் பக்கத்தில் உள்ள பார்க் ஆஸ்பத்திரிக்குப் பெவன் நேரில் போனார்.

அதற்கு முந்தின நாள் மான்செஸ்டர் கூட்டத்தில் எதிர்க்கட்சியைப் புழுப்பூச்சியோடு ஒப்பிட்டுப் பேசிவிட்டார். தேசமே கொண்டாட வேண்டிய நாளில் பத்திரிகைகள் எல்லாம் அந்தப் பேச்சைப் பற்றியே எழுதின. நாக்கு இடறிய காலத்தில் அவர் சொற்களைத் தேர்ந்தெடுத்துப் பேசினார். நாக்கு சரியான பிறகு அந்தக் கவனம் போய்விட்டது போலும்.

கண்ணாடிக்குக் கூட்டம்

கதவு திறந்ததும் என்ன நடந்தது?

இத்தனை நாள் அடக்கிவைத்திருந்த நோய் எல்லாம் வெளியே வந்தது. பல ஆண்டு வலியோடு நடமாடிய பெண்கள் முதல் தடவையாக டாக்டர் எதிரில் உட்கார்ந்தார்கள். கடைமேசையில் குவித்துவைத்த கண்ணாடிகளில் ஏதோ ஒன்றை மாட்டிப்பார்த்து வாங்கிவந்தவர்கள், முதல் தடவையாகக் கண்ணைச் சோதித்துக்கொண்டார்கள். முதல் ஆண்டில் மட்டும் 50 லட்சத்துக்கு மேல் மூக்குக்கண்ணாடிகள்! பல் வைத்தியத்துக்கும் இதே கூட்டம்.

போட்ட கணக்கு பொய்த்தது. செலவு எகிறியது. ஜனங்கள் ஓசி என்றதும் அள்ளுகிறார்கள் என்று சிலர் ஏளனம் செய்தார்கள். பார்வை மங்கியவன்தானே கண்ணாடிக்கு வருவான்? அலங்காரத்துக்கு யாரும் பொய்ப்பல் கட்டிக்கொள்ள மாட்டார்கள்.

ஆனால் கஜானாவுக்கு இந்தச் சமாதானம் போதாது. இலவசம் என்ற சொல்லும் பாதி உண்மைதான். வாசலில் காசு இல்லை, வரியில் உண்டு. மருந்துச் சீட்டுக்கு ஒரு ஷில்லிங் வாங்க 1949-ல் சட்டத்தில் இடம் செய்தார்கள். அப்போது மந்திரி பெவனே! அதிகாரம் ஏட்டில் இருக்கட்டும், நடைமுறைக்கு வராமல் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் நினைத்தார். பிற்காலத்தில் எதிராளிகள் இதைச் சுட்டிக்காட்டியபோது பதில் சொல்வது சிரமமாகவே இருந்தது.

1950-ல் கொரியா யுத்தம் மூண்டது. ஆயுதங்களுக்கு 3 ஆண்டில் 4,700 மில்லியன் பவுன் செலவிடத் திட்டம் போட்டார்கள். ஒரு மில்லியன் என்பது 10 லட்சம். எங்காவது மிச்சம் பிடித்தாக வேண்டும்.

1951 ஏப்ரல் 10-ந் தேதி நிதி மந்திரி கெய்ட்ஸ்கெல் பட்ஜெட் கொண்டுவந்தார். பொய்ப்பல்லுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் ஏறக்குறையப் பாதி விலையை ஜனங்கள் கொடுக்க வேண்டும் என்றார். அந்த ஆண்டு இதனால் மிச்சம் 13 மில்லியன் பவுன். 4,700 எங்கே, 13 எங்கே!

பெவன் அப்போது தொழிலாளர் மந்திரி. சில நாளில் ராஜினாமா செய்தார். ஹரால்ட் வில்சனும் ஜான் ஃபிரீமனும் அவரோடு வெளியேறினார்கள்.

கண்ணாடிக்காகவா ஒருவர் மந்திரி பதவியை விடுவார் என்று பலர் சிரித்தார்கள். கட்சி இரண்டுபட்டது, அந்த ஆண்டே தேர்தலிலும் தோற்றது. பிளவுக்குப் பெவனின் பிடிவாதமும் ஒரு காரணம் என்று சொன்னவர்கள் உண்டு. ஆனால் ஒரு விஷயத்தில் அவர் கணக்கு சரியாயிற்று. அவ்வளவு வேகத்தில் ஆயுதம் செய்ய முடியாது என்று அவர் எச்சரித்திருந்தார். அடுத்து வந்த சர்ச்சில் அரசாங்கம் அதே ஆண்டு டிசம்பரில் அந்தத் திட்டத்தை நீட்டிப்போட்டது.

1952-ல் சர்ச்சில் அரசாங்கம் மருந்துச் சீட்டுக்கு ஒரு ஷில்லிங் போட்டது. ஏட்டில் கிடந்த அதிகாரம் எழுந்து நடந்துவிட்டது.

புகை

அதே 1952 டிசம்பரில் லண்டனை ஒரு புகைமூட்டம் மூடியது. 5-ந் தேதி முதல் 9-ந் தேதி வரை எதிரில் வரும் ஆள் தெரியவில்லை. லட்சக்கணக்கான வீட்டுக் கணப்புகளின் கரிப்புகையும் ஆலைப்புகையும் மேலே போகாமல் தங்கிவிட்டன. சுமார் 4,000 பேர் இறந்ததாக அப்போது கணக்கிட்டார்கள். 12,000 வரை இருக்கலாம் என்று பின்னால் வந்த ஆராய்ச்சிகள் கூறின.

டிரெடிகரில் கரியை வெட்டியவன் நெஞ்சு அடைத்துச் செத்தான். லண்டனில் அதை எரித்தவனும் நெஞ்சு அடைத்துச் செத்தான்.

1956-ல் சுத்தக் காற்றுச் சட்டம் வந்தது. குறித்த பகுதிகளில் புகைவிடும் கரியை எரிக்கக்கூடாது. புகையில்லாத எரிபொருளுக்கு விலை அதிகம். அடுப்பையும் மாற்ற வேண்டும். அதனால் அடுப்பு மாற்றும் செலவில் 100-க்கு 70 பங்கை அரசாங்கமும் நகரசபையும் ஏற்றன. 30 பங்கு வீட்டுக்காரருடையது. வீட்டுக்குக் கொஞ்சம் செலவு ஏறியது. அந்தப் பகுதிகளில் காற்று தெளிந்தது.

இதே ஆண்டு ஜனவரியில் இன்னொரு செய்தி. சுகாதாரத் திட்டத்தில் பணம் விரயமாகிறதா என்று பார்க்க அரசாங்கம் ஒரு கமிட்டி வைத்திருந்தது. அதன் தலைவர் கில்பாட் என்ற பொருளாதார நிபுணர். விரயம் இல்லை என்று கமிட்டி சொல்லிவிட்டது. தேச வருமானத்தோடு ஒப்பிட்டால் திட்டத்தின் செலவு கூடவில்லை, குறைந்திருக்கிறது என்றும் கண்டது. பெவனின் எதிராளிகள் வைத்த கமிட்டி இப்படிச் சொன்னது அவருக்கு எவ்வளவு இனித்திருக்கும்!

கடைசி நாட்கள்

கெய்ட்ஸ்கெல்லோடு பின்னால் சமாதானம் ஆயிற்று. 1959-ல் பெவன் கட்சியின் உபதலைவர் ஆனார். அந்த ஆண்டு முடியும்போது வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. புற்றுநோய் என்று தெரிந்தது.

1960-ம் ஆண்டு ஜூலை 6-ந் தேதி பெவன் காலமானார். வயது 62. முதல் நாள்தான் அவருடைய சுகாதாரத் திட்டத்துக்கு 12 வயது நிறைந்திருந்தது. சாம்பலை டிரெடிகருக்கு மேலே, சிறுவயதில் தனியாகப் பேசிப் பழகிய மலைப்பக்கத்தில் தூவினார்கள்.

மருந்துச் சீட்டுக் கட்டணத்தின் கதை அவரோடு முடியவில்லை. அவரோடு ராஜினாமா செய்த ஹரால்ட் வில்சன் பிரதம மந்திரி ஆனார். 1965-ல் கட்டணத்தை அடியோடு எடுத்தார். பணமுடை வந்தது, 1968-ல் அவரே மறுபடியும் போட்டார்! குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் விலக்கு அளித்தார்.

வேல்ஸுக்குத் தனிச் சட்டசபை வந்த பிறகு, 2007 ஏப்ரல் 1-ந் தேதி அங்கே அந்தக் கட்டணம் ஒழிந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள இங்கிலாந்தில் பலர் இன்னும் கட்டுகிறார்கள். ஆனால் பெவன் எதற்காக மந்திரி பதவியை உதறினாரோ, அந்த மூக்குக்கண்ணாடியை டிரெடிகரிலும் பெரியவர்களில் பெரும்பாலோர் இன்று கைக்காசு போட்டுத்தான் வாங்குகிறார்கள்.